பதுங்குகுழியின் சாய்வு

1942, சித்திரை, வெள்ளி இரவு.

சேலத்திலும் குண்டு விழலாம் என்று எங்கள் தெருவில் பதுங்குகுழி வெட்டுகிறார்கள். வேலையைப் பார்க்க வந்த ஓவர்சீயர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சண்டை முடிஞ்சா இதையே சாக்கடையாக்கிக்கலாங்க. ஒரே செலவுல ரெண்டு வேலை."

"அந்தச் சாக்கடை எங்கீங்க போய்ச் சேரும்?" என்று கேட்டேன்.

"அதை அப்பறம் பாத்துக்கலாங்க." சிரிப்பு நின்றுவிட்டது.

குண்டுக்கு வெட்டும் குழி வளைந்து வளைந்து போகவேண்டும் என்று வீடுவீடாக வந்து சொன்னவர்கள் இவருடைய ஆட்கள்தான். இதுவோ நூல் பிடித்ததுபோல் நேராகப் போகிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் போனபின், நூலுக்குச் சாயம் போட்டு அலசிய தண்ணீரைத் தொட்டியோடு தூக்கிக் குழியின் மேட்டு முனையில் கவிழ்த்தேன். சிவப்புத் தண்ணீர் வழியில் எங்குமே தேங்கவில்லை. நாங்கள் குடிக்கும் கிணற்றுக்குப் பக்கத்தில் போய்த்தான் நின்றது.

சோறு போடும்போது மனைவி சொன்னாள்: "நாளைக்கு ஒத்திகையாமுங்க. சங்கு ஊதுனா எல்லாரும் மேட்டு முனையில குழிக்குள்ள எறங்கிக் கெணத்துப் பக்கமா ஓடோணுமாம்."

சாக்கடையை விடுவதற்கு முன் எங்களை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள்.