எனக்காக அவர் கொடுத்த மாப்பு

மே 15, வியாழன்

காலையில் நல்ல வெயில். மிளகைப் பாயில் பரப்பி ஒரு மணித்தியாலம் இல்லை, இரத்தோட்டைப் பக்கம் வானம் கறுத்துவிட்டது. பாதி காய்ந்ததோடு அள்ளினேன். பிறகு மாத்தளை. சந்தியில் வெசாக் வெளிச்சக் கூடுகள் இன்னும் தொங்குது, நனைந்து கிழிந்து.

வெளிநாட்டு வேலைக் கந்தோருக்குப் போனது, அரபு நாட்டுப் பொலிஸில் நான் கொடுத்த முறைப்பாடு என்ன ஆச்சு என்று கேட்க. கண்ணாடி போட்ட நோனா கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார்: உங்கள் முறைப்பாடு முடிந்துவிட்டது, நீங்களே மன்னித்து வாபஸ் வாங்கிவிட்டீர்கள்.

நான் வாங்கவில்லை என்றேன். உங்கள் அட்டோர்ணி, உங்களுக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவர், வாங்கியிருக்கிறார் என்றார். யார் அது? பெயரை வாசித்தார்.

பாபா! நான் வேலை செய்த வீட்டு முதலாளி. மேடத்தின் புருசன்.

மேடம் அறைந்துதான் என் இடது காது போனது. அவள் புருசன் என் பேரில் நின்று, எனக்காக, அவளை மன்னித்துவிட்டான். பாலுக்குப் பூனை காவல் என்பார்கள். இங்கே பூனை பாலின் சார்பாகக் கையெழுத்தும் போட்டிருக்கிறது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கொதி. பக்கத்தில் இருந்த மனுசி சுகமில்லையா என்று கேட்டாள்.

நோனாவில் பிழையில்லை. பாபாவுக்குக் கொடுத்த அதிகாரத்தை ரத்துச் செய்யலாமாம், பத்திரம் எழுதுகிற நொத்தாரிசிடம் போகணும். ஆனால் முடிந்த முறைப்பாட்டைத் திறக்க ஒரே வழி: அடித்தது உண்மை என்று அடித்தவளே அந்த நாட்டுப் பொலிஸில் போய்ச் சொல்லணும்.

யார் சொல்லப் போறா?

வாங்கியது: சீனி, காதுக்குச் சொட்டு மருந்து. மறந்தது: நெருப்புப்பெட்டி.

மே 16, வெள்ளி

விடிய இருந்தே தூறல். மிளகு அறைக்குள். வீடெல்லாம் தும்மல்.

இவரிடம் சொன்னேன். த்ரீவீலைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நீ ஏன் சைன் வச்ச?"

ஏன் வைத்தேன்? அங்கே வேலைக்குப் போன முதல் மாதம். ஒரு கந்தோருக்குக் கூட்டிப்போய், விசா, ஆஸ்பத்திரி, பேங்க் எல்லாத்துக்கும் நீ அலையத் தேவையில்லை, நானே பார்க்கிறேன் என்றார் பாபா. தாளின் தலையில் பிஸ்மில்லாஹ். சின்ன வயதில் ஓதப் போன பிள்ளை நான், எழுத்துக் கூட்டி முழுக்க வாசித்தேன். நல்லாவே வாசித்தேன்! அங்கே இருந்தவன் மாஷா அல்லாஹ் என்றான். ஒரு சொல்லும் விளங்கவில்லை. கீழே விழுந்த அரபு எழுத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றி வளர்ந்தவர்கள் நாங்கள். பிஸ்மில்லாஹ் போட்ட தாளில் களவு இருக்கும் என்று எங்களுக்கு யாரும் படித்துத் தரவில்லை. பாபாவுக்கு அது தெரிந்திருக்கிறது.

இவரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "ஏமாந்துட்டேன்" என்றேன். துணியைப் பிழிந்துவிட்டு, "சரி, விடு" என்றார். எதை விட?

பின்னேரம் அஸர் தொழுதபின் மிளகு வாங்குகிற ஹாஜியார் வந்தார். இந்த வருசமும் ஹஜ்ஜுக்குப் போகிறார். பிழை செய்தவர்களிடம் மன்னிப்பு வாங்காமல் ஹஜ்ஜுக்குப் போகக்கூடாதென்பது வழக்கம், அதனால் வீடு வீடாக மாப்பு கேட்டு வருகிறார். கதிரையின் நுனியில் இருந்தார்.

"தங்கச்சி, தராசுல முன்ன பின்ன ஏதும் நடந்திருந்தா அல்லாஹ்வுக்காக பொறுத்துக்கங்க."

நடந்திருந்தாலா! ஊருக்கே தெரிந்த தராசு. ஆனாலும் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார் மனுசன். "பொறுத்தேன் ஹாஜியார், எனக்கும் துஆ செய்ங்க" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார்.

மே 18, ஞாயிறு

வெயில்! மிளகு திரும்ப வெளியே. கோழி விரட்டுவது பெரிய வேலை.

போனில் மேடத்தின் குரல் பதிவு வந்திருந்தது. இத்தனை காலம் மூச்சுப் பேச்சு இல்லை. மூன்று தடவை போட்டுக் கேட்டேன், வலது காதில். ஹஜ்ஜுக்குப் போகிறாளாம். புதன்கிழமை பிளேன். ஏறுமுன் எனக்குக் கோல் எடுப்பாளாம். நான் என் வாயால் மன்னித்தேன் என்று சொல்லணுமாம். ஸாமிஹீனி, ஸாமிஹீனி. மன்னித்துவிடு, மன்னித்துவிடு. அழுகை வேறு.

புருசன்தான் மன்னித்துவிட்டானே. இன்னும் என்ன?

மச்சி, இவருடைய தங்கச்சி, அடுப்படியில் இருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஹஜ்ஜுக்குப் போற மனுசி மாப்பு கேட்டா இல்லைண்டு சொல்ல ஏலுமா மதினி? ஹாஜியாருக்கு சொன்னீங்க தானே."

"ஹாஜியார் என் காதை ஒடைக்கல்ல."

"பொறுத்தா ஒங்களுக்குத்தான் நன்மை."

"நன்மை எனக்கு வரட்டும், மனசுல இல்லாம சொல்ற பொய் யாருக்கு?"

மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். தேங்காய் அரைகுறையாகத் துருவிக் கிடக்கு. நானே துருவினேன்.

மே 19, திங்கள்

நொத்தாரிசிடம் போய் ரத்துக் கடிதம். இந்தத் தடவை வரிக்கு வரி விளங்கப்படுத்தச் சொன்னேன். அவருக்கு எரிச்சல். எரியட்டும். விளங்கியபிறகே ஒப்பம்.

இவர் வாசலில் காத்திருந்தார், ஒரு ஹயர் ஓட்டத்தை விட்டுவிட்டு. வரும் வழியில்: "நீ சொல்றதுதான் சரி. எனக்கு சண்டைண்டா பயம், அவ்வளவுதான்." கேட்க நன்றாக இருந்தது.

மே 21, புதன்

வானம் மூடாப்பு. காற்று. மிளகு சாக்கில் கட்டியாச்சு.

இரவு பத்து மணிக்குப் பிறகு மேடம் எடுத்தாள். மச்சி கதவருகே. இவர் கட்டிலில். எனக்கு அரபு ஓடுமோ என்று பயம். ஓடியது, தண்ணீர் மாதிரி.

ஸலாம், சுகம் விசாரிப்பு, பிறகு ஸாமிஹீனி.

"பாபாவைக் கேளுங்க மேடம்" என்றேன். "எனக்காக மன்னிக்கிற பவர் அவரிடம்தானே இருக்கு. ஒருக்கா மன்னித்தவர், இன்னொருக்கா மன்னிக்கட்டும்."

மேடம் மெதுவாக: "அது பொலிஸுக்குக் கொடுத்த தாள். அல்லாஹ்விடம் அது செல்லாது."

தெரிந்திருக்கிறது! முதல் நாளே தெரிந்திருக்கிறது!

"அல்லாஹ்விடம் செல்லாததைப் பொலிஸில் ஏன் கொடுத்தீங்க? அங்கே போய்ச் சொல்லுங்க, நான்தான் அடித்தேன் என்று. அன்றைக்கே பொறுக்கிறேன், மனதார."

பிளேனுக்கு நேரமாகிறது என்றாள். பாபா போனை வாங்கினார். குரலில் அதே அதிகாரம்.

"என்ன வேணும் உனக்கு? சீக்கிரம் சொல்."

"என் முறைப்பாடு."

"அது முடிந்த விசயம்."

"அப்ப இது முடியல்ல."

பின்னால் அவள் அழுவது கேட்டது. உண்மையான அழுகைதான். பொய் சொல்லக்கூடாது, எனக்கும் ஒரு சொல்தானே, சொல்லிவிடலாமா என்று வந்தது.

சொல்லவில்லை. போனை நானே வைத்தேன்.

மச்சி: "அல்லாஹ்வே! மாப்பு இல்லாம போறாளே அந்த மனுசி!"

"போகட்டும்" என்றேன். "அந்த வீட்டுல நான் பட்ட பயம் என்னண்டு அவளுக்கும் தெரியட்டும்."