உட்கார்ந்து வாசிக்க வராத கிட்டார்

கம்பி மாற்றலாம் என்று இன்று உன் கிட்டாரைக் கவிழ்த்தபோதுதான் பார்த்தேன், மச்சி. V எழுத்தைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி விரியும் அந்த இரண்டு இறக்கைகளின் நடுவே, உள்பக்கத்தில், சிவப்புப் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிகிறது. சரியாக ஒரு தொடை அளவுக்கு.

தி.நகர் கல்யாண மண்டபம் ஞாபகம் வந்தது. பாடகர்கள் முன்னால். கிட்டார் வாசிக்கும் நம் இருவருக்கும் பூ அலங்காரத்துக்குப் பின்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. நான் போய் உட்கார்ந்துவிட்டேன். நீ முன்னாலேயே நின்றாய். பெண் வீட்டுப் பெரியவர் வந்தார்.

"தம்பி, வீடியோவுல மறைக்குது. பின்னால போய் உக்காந்து வாசிங்க."

"உக்காந்தா இது வராது சார். டிசைனே அப்டி. வழுக்கிக்கினு பூடும்."

உட்கார்ந்தும் காட்டினாய். கிட்டார் சறுக்கி முழங்காலைத் தாண்டியது. தவில்காரரே சிரித்துவிட்டார். பெரியவர் கையை உதறிக்கொண்டு போனார். நீ நின்றாய். கிட்டார் கழுத்தின் கடைசி ஃப்ரெட் கட்டை வரை தடையில்லாமல் ஏறிய உன் விரல்களை மண்டபமே பார்த்தது.

பிறகு அடையாறு டீக்கடையில் அதன் கதையைச் சொன்னாய். "ராக்கெட் வுட்ட காலத்துல அமெரிக்காக்காரன் பண்ணது மச்சி. கம்பெனி பழசாயிச்சின்னு பேசுனாங்கோ, அந்தக் கோவத்துல புச்சா ஒண்ணு போட்டான். வாங்க ஆளில்ல. கடைக்காரன் போர்டு கணக்கா மாட்டி வெச்சான். அப்பால ப்ளூஸ் வாசிக்கிறவன் தோள்ல மாட்னான் பாரு, அப்பதான் ஊரே திரும்பிச்சு."

உங்கள் ஆற்றோரத்து வீடுகளை இடித்து, உங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினார்கள். நகரத்தை அழகுபடுத்துகிறார்களாம். அங்கேயும் நீதான் மறைத்தாய் போலிருக்கிறது. இரண்டு பஸ் மாறி, இறக்கையில் யாரும் இடிக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒத்திகைக்கு வருவாய். ஒருநாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. உனக்கு நெஞ்சு வலித்த அன்று அந்த வழியில் ஆம்புலன்ஸ்தான் தாமதமாக வந்தது.

பெயின்ட் தேய்ந்ததைப் பார்த்ததும் தேடிப் படித்தேன். உட்கார்ந்து வாசிப்பவர்களுக்காக அந்த அமெரிக்காக்காரன் செய்த முதல் கிட்டாரின் ஓரத்தில் வழுக்காத ரப்பர் பட்டையே ஒட்டியிருக்கிறார்கள். கதை முழுக்கச் சொன்ன நீ இதை மட்டும் சொல்லவில்லை. வீட்டில் வருஷக்கணக்காக உட்கார்ந்துதான் பழகியிருக்கிறாய். கேடி.

நானும் நாற்காலியில் உட்கார்ந்து, தொடையை இறக்கைகளுக்கு நடுவே கொடுத்துப் பார்த்தேன். அப்போது போன் வந்தது. நாளை மயிலாப்பூரில் கச்சேரி. உன் இடத்தில் நான்.

"தம்பி, பின்னால உங்களுக்குச் சேர் போட்டுர்றேன்" என்றார் மேடைப் பொறுப்பாளர்.

"உக்காந்தா இது வராது சார்" என்றேன். "டிசைனே அப்டி."

என் தொடையில் அது அசையாமல் இருந்தது.