கடல் வரைக்கும் ஒரு பழைய வேன்

ஜூன் 3, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். கொடியில் போட்ட உடுப்பு இன்னும் ஈரம். மடிச்சு வைக்கவும் ஏலாது, எடுக்கவும் ஏலாது.

இன்னைக்கு இவருக்குக் கண் கிளினிக். காலையிலேயே போய் வாங்கில் உட்கார்ந்தாச்சு, பகல் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் கூப்பிட்டாங்க. டொக்டர் சின்னப் பிள்ளை, ஆனா நல்லா விளங்கப்படுத்தினார். கண்ணில் பிரஷர். வலது கண் போனது போனதுதான். இடது கண்ணை மருந்து விட்டுக் காப்பாத்தப் பார்க்கலாம், எத்தனை காலத்துக்குன்னு சொல்ல ஏலாது. வாகனம் ஓட்டுற கதையே வேணாம்.

இவர் "சரி டொக்டர், சரி டொக்டர்" என்று தலையாட்டினார். யாரோ மூணாம் மனுசர் கண்ணைப் பத்திக் கதைக்கிற மாதிரி.

பஸ்ஸில் திரும்பினோம். வேன் பைத்தியம் இன்னையோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். துணிக்கடையை விட்டு நின்ன நாளிலிருந்து இவருக்கு ஃபோனில் வேன் படம் பார்க்கிறதே தொழில். கட்டில் வச்சது, அடுப்பு வச்சது, கூரை உயர்த்தினது. எல்லாம் டீசல், எல்லாம் பழசு. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்னப்போ மெதுவாச் சொன்னார்.

"அப்ப நீதான் ஓட்டணும், சரசு."

லைசன் இருக்கு எனக்கு. ஒபிசுக்கும் மகளோட ஸ்கூலுக்கும் சின்னக் கார் ஓட்டினவள். வேன்ல கையே வச்சதில்லை. அறுபது வயசில் இந்த மனுசன் என்னை டிரைவராக்கப் பார்க்கிறார்.

இரவுக்குப் பாண், பருப்பு.

ஜூன் 4, புதன்

வெயில். எல்லா உடுப்பும் திரும்ப வெளியில்.

இவர் காலையிலேயே கதிரையை இழுத்துப் போட்டுக் காரணம் சொன்னார். திருகோணமலைக் கடலை இன்னொரு தரம் பார்க்கணும். பார்வை இருக்கிறப்பவே. பஸ்ஸில் போய் லொஜ்ல தங்கினா என்னன்னு கேட்டேன். தெரியாத ரூம்ல ராத்திரி எழும்பினா கக்கூசு எந்தப் பக்கம்னு தடவித் திரியணும், போன வருசம் மாத்தளையில் கல்யாண வீட்டில் விழுந்தது போதும் என்றார். வேன்னா கட்டில் எப்பவும் அதே இடத்தில். பைப் அதே இடத்தில். எல்லாம் கைக்கெட்டும். எந்த ஊருக்குப் போனாலும் அதே வீடு.

இவ்வளவு நாளும் இதை ஏன் சொல்லலை? விளையாட்டுக்குப் படம் பார்க்கிறார்னு இல்ல நினைச்சேன்.

கணக்கு:
இவரோட ஈ.பி.எஃப். மிச்சம் 17 லட்சம்.
எனக்கு ஒபிசில் மொத்தமாத் தந்தது 9.
காரை வித்தா 26, அதுவும் அடிச்சுப் பேசினாத்தான்.
செலவு: வேன். இன்சூரன்ஸ். டயர். டீசல். கண் மருந்து (இதை மறந்துட்டு இரண்டு தரம் கூட்டினேன்). வீட்டுக் கூரைத் தகடு மாத்துறது அடுத்த வருசம். ஒழுகினா சட்டி வைக்கலாம்.

மாலினி கொழும்பிலிருந்து ஃபோன் எடுத்தா. "அம்மா, அந்தக் காசுக்கு வருசம் முழுக்க ஹோட்டல்ல தங்கலாமே." மகள் சொல்றதும் சரிதான். கணக்குத் தெரிஞ்ச பிள்ளை. வாஷிங் மெஷின் சத்தம் போடுதுன்னு ஃபோனை வச்சிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

கம்பளை. நேற்று ஹஜ்ஜுப் பெருநாள், இன்னும் வீதியில் புதுச் சட்டைப் பிள்ளைகள். வேன்காரர் நசீர் ஹாஜியார், இரும்புச் சாமான் கடை வச்சிருந்து மகன்மாருக்குக் கொடுத்துட்டு ஓய்ஞ்சவர். பெருநாளுக்கு மறுநாள் வர வேணாம்னு நான் சொன்னேன். அவரே, அன்னைக்குத்தான் வரணும், வட்டலப்பம் மிச்சம் இருக்கும்னு ஃபோனில் சொல்லிட்டார்.

வெள்ளை வேன். உயர்ந்த கூரை. மடிக்கிற கட்டில், கேஸ் அடுப்பு, சின்ன சிங்க், கதவு போட்ட கக்கூசு. பூப்போட்ட திரைச்சீலை. இவர் உள்ளே ஏறி ஒவ்வொண்ணாத் தொட்டுப் பார்த்தார். கட்டில் விளிம்பு, பைப், அடுப்பு, கதவுக் கைப்பிடி. கடையில் பட்டுச் சேலையைத் தடவுற அதே கை. ஏறி இறங்கி, திரும்பவும் ஏறி, இந்தத் தரம் தடுமாறலை.

நம்பர் பிளேட்டைக் கூட்டினேன். எட்டு. இவர் வாழ்நாள் முழுக்க வாகன நம்பர் கூட்டிப் பார்த்தவர், எட்டு வந்தா ஆகாதுன்னு பஸ்ஸைக்கூட விட்டுட்டு நிப்பார். இன்னைக்குப் பிளேட் முன்னாலேயே நின்னார், கேட்கலை. கேட்டா வாசிக்கத் தெரியலைன்னு ஆகிடும். நானும் சொல்லலை.

ஏன் விக்கிறீங்கன்னு கேட்டதுக்கு ஹாஜியார், வீட்டாளுக்கு வேனில் தூக்கம் வருதில்லை, சொந்த மெத்தை வேணுமாம் என்றார். அவர் பெண்டாட்டி ராத்தா (பேர் சித்தி) என்னைக் குசினிக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாங்க.

"தங்கச்சி, ஒண்ணு செல்லவா. இந்த வேன்ல நான் போகாத ஊரில்ல. என்னத்தப் பார்த்தன்? அடுப்பத்தான் பார்த்தன். அதுக்கு என்ட குசினியே நல்லம், ஜன்னலாச்சும் பெருசு."

சொல்லிட்டு வட்டலப்பம் இன்னொரு துண்டு வச்சாங்க. ஏலக்காய் தூக்கல். செய்முறை கேட்டு எழுதணும்.

ஹாஜியார் 51 என்றார், இவர் 45 என்றார். பிறகு இரண்டு பேரும் ஊர்க்கதை கதைச்சு, வாசலில் செருப்புப் போடுறப்போ 48க்கு வந்து நின்னுது. மெக்கானிக் பார்த்த பிறகுதான் முடிவு.

ஜூன் 9, திங்கள்

வானம் மப்பு. முழங்கால் வலி. பழைய அல்பத்தை அலுமாரி மேலிருந்து இறக்கினேன், தும்மல் நிக்கலை.

சண்டை நின்னு, சமாதானம்னு பாதை திறந்த வருசம். எங்க ஒழுங்கையே சேர்ந்து வேன் பிடிச்சுத் திருகோணமலை போனது. சோத்துப் பார்சல், பாய், பானை, டோலக்கு. ஆம்பளைங்க முன்னால, பொம்பளைங்க பிள்ளைகளோட பின்னால. எப்பவும் அப்படித்தான், யாரும் சொல்லி வச்சதில்லை. மாலினி மாத்தளை தாண்டினதிலிருந்து வாந்தி. நான் பையைப் பிடிச்சிக்கிட்டு மத்தவங்க பிடரியைப் பார்த்துக்கிட்டுப் போனேன். வழியில் கக்கூசு கிடைக்காதுன்னு நாங்க யாரும் தண்ணிகூடக் குடிக்கலை.

இவர் டிரைவர் பக்கத்தில். அந்தக் காலத்தில் புருசன் பெண்டாட்டிக்கிட்ட ஊர் முன்னால கதைக்கிறதே கூச்சம். ஆனா இவர் திரும்பித் திரும்பிப் பின்னுக்குச் சத்தம் போட்டுக்கிட்டே வந்தார். குளம் வருது. யானை நிக்குது இடப்பக்கம். மான். எல்லாருக்கும் சொல்ற மாதிரித்தான் சொன்னார், எனக்குத்தான் சொன்னார்னு எனக்குத் தெரியும். மத்தப் பொம்பளைங்க என்னைக் கிள்ளினாங்க. எவ்வளவு சந்தோசம் அன்னைக்கு. முப்பத்தேழு வயசு, கலியாணமாகி இத்தனை வருசத்துக்குப் பிறகு வெக்கப்பட்டேன்.

கடலில் இவர் காற்சட்டையைச் சுருட்டிக்கிட்டு நிக்கிற படம் ஒண்ணு இருக்கு. தலைமுடி என்ன அடர்த்தி.

இவர்கிட்ட அல்பத்தைக் காட்டலை. கிட்டப் பிடிச்சுப் பார்த்து, தெரியுது தெரியுதுன்னு சொல்வார். அதைப் பார்க்க என்னால ஏலாது.

ஜூன் 11, புதன்

நேற்று பௌர்ணமி, போயா லீவு, எல்லாம் பூட்டு. இன்னைக்குக் குண்டசாலை கராஜ். ஹாஜியாரே வேனைக் கொண்டு வந்து தந்தார். மெக்கானிக் பாஸ் கீழே படுத்துப் பார்த்து, எழும்பிக் கையைத் துடைச்சிக்கிட்டுச் சிங்களத்தில், பழசுன்னாலும் நல்ல எஞ்சின் என்றார். பெட்டரி மாத்தணும். முன்பக்கம் ஏதோ புஷ் தேய்ஞ்சிருக்காம். இன்னொரு ஐம்பதாயிரம். கூரைத் தகடு அடுத்த வருசத்திலிருந்து அதுக்கடுத்த வருசத்துக்குப் போகுது.

ஏறிப் பாருங்க மேடம் என்றார் பாஸ். ஏறினேன். அம்மாடி, என்ன உயரம். ரோடு முழுக்க என் மடியில் இருக்கிற மாதிரி. இவ்வளவு காலம் எனக்கு இதை யாரும் காட்டலையே. வேணும் எனக்கு இந்த வேன். எனக்குத்தான் வேணும் என்று அந்த இடத்திலேயே தோணிச்சு. வெளியில் சொல்லலை, விலை ஏறிடும்.

ஜூன் 12, வியாழன்

பேச்சுவார்த்தை. நான் ஓட்டுறதுன்னா இவர் சமைக்கணும். ராத்தா சொன்னது காதிலேயே நிக்குது. ஓட்டுறவளும் நான், ஆக்குறவளும் நான்னா அது ட்ரிப் இல்லை, தண்டனை. இவர் வாழ்க்கையில் பிளேன்டீ ஊத்தினதில்லை. சரின்னுட்டார், யோசிக்கக்கூட இல்லை.

பகல் முதல் பாடம். சோறு குழைஞ்சுது. பருப்பில் உப்பு இல்லை, பிறகு உப்பு மட்டும்தான். போஞ்சியை விரலால அளந்து அளந்து வெட்டினார். எல்லாம் ஒரே அளவு. எனக்கு வெட்ட வராது அப்படி. சாப்பிட்டு முடிச்சிட்டு, "எப்படி?" என்று கேட்டார். நல்லாருக்குன்னேன். "பொய்" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடக்க முடியலை.

ஜூன் 15, ஞாயிறு

வேன் ஓட்டப் பழக்கம். ஹாஜியார் பக்கத்தில், இவர் பின்னால. பேராதனைப் பக்கம் ஒரு ஏத்தத்தில் கிளச்சை விட்டது கூடிப் போச்சு, எஞ்சின் நின்னுட்டுது. திரும்ப ஸ்டார்ட், திரும்ப நின்னுது. வேன் கொஞ்சம் பின்னுக்கு உருண்டுது. உயிரே போச்சு. பின்னால பஸ் ஹோர்ன் அடிச்ச அடி. கண்டக்டர் தொங்கிக்கிட்டு, வீட்டுக்குப் போங்க நோனா என்று கத்திக்கிட்டுப் போறான். வீட்டோடதான்டா வந்திருக்கேன்னு சொல்லியிருக்கணும். அந்தப் பதில் எனக்கு வீட்டுக்கு வந்து தண்ணி குடிச்ச பிறகுதான் வந்தது.

கார் நேற்று வித்தாச்சு. 26க்கே. வேற வழியில்லை இனி.

ஜூன் 19, வியாழன்

வாங்கியாச்சு. ராகு காலம் பகல் ஒண்ணரைக்கு, அதுக்கு முன்னால கையெழுத்தெல்லாம் முடிஞ்சுது. ஹாஜியார் சாவியைத் தந்துட்டு வேனைத் தட்டிக் கொடுத்தார். ராத்தா வாசலுக்கே வரலை, உள்ளேயிருந்து கையைக் காட்டினாங்க. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

பிள்ளையார் கோயில். மாலை, சந்தனம், நாலு டயருக்கும் எலுமிச்சங்காய். ஐயர் நம்பரைப் பார்த்துட்டு என்னைப் பார்த்தார். நான் தட்டில் காசைக் கூடப் போட்டேன்.

பிறகுதான் அது நடந்தது.

எங்க வீடு மேட்டில், படிக்கட்டுத்தான், சைக்கிள்கூட வராது. வேனைக் கீழே பலகை விக்கிற மரக்காலையில் விடலாம்னு அங்க உள்ளவங்க சொல்லியிருந்தாங்க, பலகை அடுக்குக்குப் பக்கத்தில். பின்னுக்குத்தான் எடுக்கணும். இவர் இறங்கிப் பின்னால நின்னு, "என்ட... என்ட..." என்று சிங்களத்தில் கூப்பிட்டார். இந்தப் பக்கத்தில் யார் பின்னுக்கு எடுத்தாலும் அப்படித்தான், தமிழில் வான்னு கூப்பிட்டா வாகனத்துக்கு விளங்காது போல. வேனைத் தட்டித் தட்டி, என்ட, என்ட, இன்னும் கொஞ்சம். குரலில் அவ்வளவு உற்சாகம். நான் நம்பி வந்தேன்.

கொங்கிரீட் தூண். பின் கதவு உள்ளே போய், லைட் நொறுங்கி, மாலை அறுந்து.

நான் குதிச்சு இறங்கி, "கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்று கத்திட்டேன். மரக்காலை ஆட்கள் எல்லாம் நிக்கிறாங்க. வாயிலிருந்து வந்துட்டுது, பிடிக்க ஏலலை.

இவர் தூணைக் கையால தொட்டுப் பார்த்தார். பிறகு தனியாப் படியேறிப் போனார். சாப்பிடலை. நானும் சாப்பிடலை.

ஜூன் 20, வெள்ளி

காலையில் தேத்தண்ணி கொண்டு போய் வச்சேன். முகத்தைப் பார்க்காமலே கதைச்சார். கிளினிக்கில் நான் அன்னைக்கு மருந்து எடுக்க வரிசையில் நின்னப்போ டொக்டர் இவருக்குத் தனியாச் சொன்னாராம், இடது கண்ணும் ஓரத்திலிருந்து குறைஞ்சு வருதுன்னு.

"நடுவில் மட்டும்தான் தெரியுது, சரசு. தூண் நின்ன பக்கம் எனக்கு ஒண்ணுமே இல்லை."

வேனை ஹாஜியாருக்கே திருப்பிக் கொடுப்போம், நல்ல மனுசன், வாங்கிக்குவார் என்றார். இல்லாட்டி டிங்கரிங் செய்து, நெளிவெடுத்துப் பெயின்ட் அடிச்சு, அடுத்த கிளினிக் முடிஞ்சு, ஆடியும் போகட்டும், ஆவணியில் பார்ப்போம். ஊர் முழுக்கச் சிரிக்கும் இந்தக் கோலத்தில் போனா.

ஆவணிக்கு இந்தக் கண்ணில் என்ன மிச்சம் இருக்கும்? யாருக்குத் தெரியும்? நான் அழலை. மன்னிப்பும் கேட்கலை, கேட்டா இவர் அழுவார்.

"டிங்கரிங் வந்து செய்வோம். நாளைக்கே போறோம்," என்றேன்.

பகல் பஸாரில் லைட் மட்டும் மாத்தியாச்சு. கதவைக் கயித்தால கட்டியிருக்கு. பிள்ளைத்தாச்சி வயித்தைப் போல உள்ளுக்கு நெளிஞ்சிருக்குன்னு எழுத வந்தேன், வயிறு வெளியில் இல்ல இருக்கும். என்னவோ, அசிங்கமாத்தான் இருக்கு.

மாலினிக்கு ஃபோனில் எல்லாம் சொன்னேன். தம்புள்ளைக்குப் பிறகு லொறி கூட, இடப்பக்கமாவே போங்க அம்மா, போய்ச் சேர்ந்து எடுங்க என்றா. அழுறா போல.

பயமாயிருக்கு. கம்பளைக்கு அங்கால நான் இந்த வேனை ஓட்டினதேயில்லை. இங்க மட்டும் எழுதிக்கிறேன், இவருக்குத் தெரிய வேணாம்.

எடுக்க: கண் மருந்து (ஐஸ் பெட்டியில்), டோச், அரிசி, பருப்பு, நெத்தலி, என் முழங்கால் பட்டி, மாத்துச் செருப்பு, கயிறு இன்னொண்ணு.

ஜூன் 21, சனி

பனி. எதிர் மலை தெரியலை. ஒன்பதுக்கு ராகு காலம், அதுக்கு முன்னால ரோட்டில் ஏறிடணும்.

இவர் எனக்கு முன்னால எழும்பி ஃபிளாஸ்கில் தேத்தண்ணி ஊத்தி வச்சிருக்கார். மேசை முழுக்கச் சீனி. துடைக்கிறப்போ பார்க்கிறேன், ஆளையும் காணோம், வேன் சாவியையும் காணோம். படிக் கம்பியைப் பிடிச்சிக்கிட்டுத் தனியாவே இறங்கிப் போயிருக்கார், நான் கையைப் பிடிக்க முந்தி.

கேஸ் பூட்டியாச்சு. வீட்டுப் பின் கதவு பூட்டியாச்சு. சாமிக்கு விளக்கு

கீழேயிருந்து ஹோர்ன். திரும்ப ஹோர்ன். ஊரே எழும்பப் போகுது. வாறேன்யா, வாறேன்.