துவைக்காத சட்டை

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். நம் நாய் துரையும் நலம். நீங்கள் போனதிலிருந்து வாசலிலேயே கிடந்தவன், இப்போது உங்கள் செருப்பு இருந்த மூலைக்கு மாறியிருக்கிறான்.

விமானத்துக்கான கூண்டு வந்துவிட்டது. அவன் எழுந்து நிற்கவும் திரும்பவும் இடம் இருக்கிறது. தடுப்பூசி, மைக்ரோசிப் எல்லாம் ஆயிற்று. ஆனால் உள்ளே கால் வைக்க மாட்டேன் என்கிறான். தூக்கி விட்டால் தெருவே கூடும்படி ஊளையிடுகிறான். தூங்க மருந்து கொடுங்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். "கூடாதும்மா, மேல போகும்போது மூச்சு முட்டிடும். கூண்டு அவனுக்கு வீடாகணும். அதுவரைக்கும் சான்றிதழ்ல கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். உங்கள் பழைய சட்டை ஒன்றை உள்ளே விரிக்கச் சொன்னார்.

நீங்கள் கழற்றி மாட்டிய நீலச் சட்டை கதவுக்குப் பின்னால்தான் இருந்தது. பயணம் போகிற சட்டையாயிற்றே என்று துவைத்து, இஸ்திரி போட்டு விரித்தேன்! துரை ஒருமுறை முகர்ந்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான் பாருங்கள், உங்கள் அம்மாகூட அப்படிப் பார்த்ததில்லை. என் புடவையைப் போட்டால், இழுத்து வந்து என் காலடியிலேயே போடுகிறான்.

நேற்று மதியம், உள்ளே அப்படி என்னதான் பயம் என்று நானே தலையை நுழைத்துப் படுத்தேன். கம்பி வழியாக வெயில் கோடுகோடாக விழுந்தது. மின்விசிறிச் சத்தம் தூரத்துச் சிறகடிப்பாக மாறியது. கண் அசந்திருக்க வேண்டும். வீடு மெல்லத் தரையை விட்டுக் கிளம்பியது. அடுப்பு, துணிக்கொடி, மாடிப்படி எல்லாம் கூடவே மிதந்து வந்தன. விழித்தபோது துரை கூண்டுக்குள் என் கழுத்தோரம் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான். டாக்டரிடம் சொன்னேன். "அப்போ நீங்களும் கூண்டுலயே போறீங்களா?" என்று சிரிக்கிறார்.

அவனை யாரிடமாவது விட்டுவிட்டு நீ மட்டும் வா என்று போனில் சொன்னீர்கள். மாடிப்படியில் யார் ஏறினாலும் நீங்கள்தான் என்று காதைத் தூக்குகிறவனை எப்படி விட்டுவிட்டு வருவது?

அதனால் நீங்கள் போட்டுக் கழற்றிய சட்டையை அப்படியே பொட்டலம் கட்டி அனுப்புங்கள். அழுக்காக இருக்கிறதே என்று கூச்சப்பட்டு நனைத்துவிடாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் இரண்டு சட்டை அனுப்புங்கள். துரைக்கு ஒன்றே போதும்.

வந்து சேரத் தவிக்கும்
நாங்கள் இருவர்