இரண்டு நட்டிலும் மஞ்சள் புள்ளி

என் அன்பு அப்பாவுக்கு, என் அழகான புளுகு மூட்டைக்கு,

முதலில் வீட்டுச் செய்தி. நம் வெள்ளைக் காரின் பின்பக்கம் மறுபடி அடித்துக்கொள்கிறது. ஹெப்பகோடி மெயின் ரோட்டில் வேகத்தடை ஹம்ப் ஏறி இறங்கினால் டிக்கிக்குள் யாரோ சட்டியை உருட்டுவது மாதிரி சத்தம். வலப்பக்க ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறது. "மெக்கானிக் பாஷா பாய்கிட்ட விட்டுடலாண்டி" என்றாள் அம்மா. நான் விடுவேனா?

"போன தடவை அந்தப் பக்கத்த மாட்டினதே நான்தாம்மா. கம்பெனி ஃபிட்டிங் மாதிரி இருக்குன்னு அப்பாவே சொன்னாரு!"

சொன்னாய்தானே? அந்த ஞாயிற்றுக்கிழமை நம் வாசலில் நீ இடப்பக்கம், நான் வலப்பக்கம். நான் கடைசி போல்ட்டை முறுக்கி முடித்ததும் குனிந்து பார்த்து, "சூப்பரு கண்ணு" என்றாய். என் மார்க் ஷீட்டை நான் யாரிடமும் காட்டியதில்லை. காட்டுகிற மாதிரி இருந்தால்தானே. இந்த ஒரு பாராட்டைத்தான் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். நீ போன பிறகு என்னிடம் மிச்சமிருந்ததும் அதுதான்.

வண்டியை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, வலப்பக்கச் சக்கரத்தைக் கழற்றினேன். ஷாக் அப்சார்பரின் அடி நட்டில் சின்னதாக மஞ்சள் பெயின்ட் புள்ளி. தான் முடுக்கிய நட்டில் எல்லாம் பாஷா பாய் அப்படி ஒரு புள்ளி வைப்பார். நம் வீட்டில் மஞ்சள் என்றால் சாம்பாரில் போடுவது மட்டும்தான்.

அவர் கடைக்கு ஓடினேன். பாய் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"டாடி மறுநாளே வண்டி எடுத்துட்டு வந்தாரும்மா. வண்டி தூக்கி நிக்கிறப்பவே ஃபுல் டைட்டு பண்ணிட்டீங்க. இறக்கினதும் போல்ட்ட சுத்தி இருக்கிற ரப்பர் புஷ்ஷு முறுக்கிக்கிட்டு கிழிஞ்சிருச்சு. வெயிட்டு சக்கரத்து மேல இறங்கினப்புறம்தான் கடைசி டைட்டு. 'பாப்பாகிட்ட சொல்லாதீங்க பாய்'னு என் கையப் புடிச்சுக்கிட்டாரு."

உன் ஹெல்மெட்டுக்குள் மாவு தூவியவள் நான். உன் ரிங்டோனைக் கழுதைக் கத்தலாக மாற்றியவள் நான். ஒரு தடவைகூட நீ திருப்பித் தரவில்லை என்று நினைத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று வைத்திருந்திருக்கிறாய். காருக்கு ஷாக் அப்சார்பர் மாட்டினாயே, எனக்கும் ஒன்று மாட்டிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

நான் தெருவில் பீற்றிக்கொண்டபோது பக்கத்தில் நின்று சிரித்தாயே, எதற்கு? ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து "வண்டிய நீ பாத்துக்குவே" என்றாயே, அதுவும் சும்மாதானா?

கோபத்தோடு திரும்பி வந்து இடப்பக்கச் சக்கரத்தையும் கழற்றினேன். நீ மாட்டிய பக்கம். அங்கேயும் மஞ்சள்.

மறுபடி ஓடினேன். "பாய், அது அப்பா செஞ்சதாச்சே?"

"அதுலயும் அதே தப்புதாம்மா. உனக்குச் சொல்லிக் குடுத்ததே அவருதானே?" பாய் சிரித்தார். "பொண்ணுக்குத் தெரிஞ்சா ஒரு வருஷம் வெச்சு ஓட்டுவா பாய், மானம் போயிரும்னாரு."

ஓட்டியிருப்பேன். சத்தியமாக ஓட்டியிருப்பேன். உன்னை 'மக்கர்னிக்' என்று கூப்பிட்டிருப்பேன். அதற்கா பயந்தாய்? அவ்வளவு பொல்லாதவளா நான்? உன் தப்பை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, என் தப்பையும் சேர்த்து மூடிவிட்டாய். இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து சிரித்திருக்க வேண்டிய ஒரு சாயங்காலத்தை என்னிடமிருந்து திருடிவிட்டாய் அப்பா. அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

புது ஷாக் அப்சார்பர் வாங்கி மாட்டி வேலையை முடித்துவிட்டேன். இந்தத் தடவை வண்டியை இறக்கி, அம்மாவைப் பின் சீட்டில் ஏற்றி, அப்புறம்தான் கடைசியாக முறுக்கினேன். "என்னடி, என்னை அரிசி மூட்டைன்னு நெனச்சியா?" என்று கத்தினாள். ஹம்ப்பில் சத்தமே இல்லை. "சூப்பருடி" என்றாள். நான் நம்பவில்லை. பாயைக் கூட்டிவந்து, ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பார்க்க வைத்தேன். இனி யார் பாராட்டினாலும் இப்படித்தான் இருக்கும்போல. இதுவும் உன் கைங்கரியம்தான்.

ஒரு வாக்கு தருகிறேன். நான் செய்கிற தப்பை அன்றைக்கே சொல்லிவிடுவேன், யார் சிரித்தாலும். ஆரம்பித்தும்விட்டேன். மாடி வீட்டு ஆன்ட்டியின் ரோஜாத் தொட்டியை உடைத்தது பூனை இல்லை, என் ஜாக் கம்பிதான் என்று நேரில் போய்ச் சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். திட்டி முடித்துவிட்டு அவர் சிரித்துவிட்டார் அப்பா.

அவ்வளவுதான் நடந்தது. நீ அன்றைக்கே சொல்லியிருந்தாலும் அவ்வளவுதான் நடந்திருக்கும்.

இன்னும் கோபம் ஆறாத,
உன் ஒரே மகள், வாயாடி.