வச்சிரு, பெறகு எடுத்துக்கிறேன்

மச்சான், எப்படி இருக்கிறாய்? போன இடத்தில் மழையா, வெயிலா? இங்கே புளத்கொகுபிட்டியப் பக்கம் நாலு நாளாக விடாத மழை. றப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை. லயத்து வீடுகளில் எல்லாரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். சற்று முன் ஆறுமுகம் அண்ணன் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனார். உடம்பில் அந்த ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட். அதைக் கண்டதும் உன் ஞாபகம் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

கித்துல்கலையில் ஆற்றில் படகு விடுகிறவர்கள் கிழிந்தது என்று கழித்துப் போட்டதை உன் திரீவீலரில் ஏற்றிக்கொண்டு வந்தாய். ஆற்றுப் பக்கமே போகாத மனிதருக்கு இது எதற்கு என்று கேட்டேன். "நெஞ்சுச் சளி மச்சான், சூடா இருக்கும்" என்றாய். ஆனால் அவரிடம் போய் அதைச் சொன்னாயா? "அண்ணே, எங்க வீட்டுல எலித் தொல்ல. இத கொஞ்ச நாளைக்கி வச்சிருங்க, பெறகு எடுத்துக்கிறேன்." அவரும் எலி கடித்துவிடக் கூடாதே என்று அதை உடம்பிலேயே போட்டுக்கொண்டார்.

அதுதானே உன் வழி. ஒரு வீட்டில் வேண்டாத கட்டில், இன்னொரு வீட்டில் சும்மா கிடக்கிற மின்விசிறி, எல்லாம் உன் வண்டியில் ஏறும். எந்த வீட்டில் எது இல்லையோ அங்கே இறங்கும். எங்கேயும் "இந்தா, உனக்கு" என்று நீ சொன்னதில்லை. "சும்மா குடுத்தா எவனும் வாங்க மாட்டான் மச்சான். வச்சிருன்னு சொல்லு, ராசா மாதிரி வச்சிருப்பான்" என்பாய். ஒருமுறை ஹோட்டல் மெத்தை ஒன்றை வண்டி மேலே கட்டிக்கொண்டு வந்தாயே, வழியில் மழை பிடித்து, செத்த எருமையைத் தூக்குவது போல நாலு பேர் தூக்கினோம். அதில் பிடித்த இடுப்பு வலி எனக்கு இன்னும் இருக்கிறது. அது கிடக்கட்டும்.

இந்த இரகசியம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். உன் பெண்சாதிக்குக்கூடத் தெரியாது. திடுதிப்பென்று நீ போய்ச் சேர்ந்தாய். கருமாதி முடிந்த மறுநாள் விடியக்காலையில் ஆறுமுகம் அண்ணன் அந்த ஜாக்கெட்டைத் துவைத்து மடித்து உன் வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் கொண்டுவந்து வைத்தார்.

"அவரு சாமான் தங்கச்சி. செத்தவரு பொருள நம்ம வச்சிருக்கக் கூடாது."

அவ்வளவுதான் மச்சான். பார்த்தவர்கள் எல்லாருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. மத்தியானத்துக்குள் இரண்டு கட்டில், மூன்று கதிரை, ஒரு தொட்டில், வாய் உடைந்த கேத்தல், கதவில்லாத அலுமாரி எல்லாம் வந்து சேர்ந்தன. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சோமாவதி அக்கா ரைஸ் குக்கரை இடுப்பில் வைத்துக்கொண்டு, அழுதுகொண்டே வந்தாள். காம்பரா நிறைந்து, இஸ்தோப்பு நிறைந்து, உன் பெண்சாதி குசினி அடுப்படிக்கு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போய்வந்தாள்.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. இந்த மனுசன் எத்தன வீட்டுல குடித்தனம் நடத்துனாரு?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கடைசியாகப் பாக்கியம் வந்தாள். புருசன் கொழும்புக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டானே, அந்தப் பாக்கியம்தான். தலையில் தையல் மெஷின். ருவான்வெல்லையில் ஒரு டீச்சர் வீட்டில் தூசி பிடித்துக் கிடந்தது என்று நீ கொண்டுவந்து கொடுத்த அதே மெஷின். இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு போடுவது அது. பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள்தான் இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளின் வெள்ளைத் துணியெல்லாம் வெட்டினபடி அவள் வீட்டில் கிடந்தது. அவள் மெஷினை இறக்கி வைத்து, முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். ஊசியும் நூலுமாகக் கையால் தைத்துக்கொண்டிருந்தாள். என் வாய்தான் உனக்குத் தெரியுமே. உண்மையை உடைத்துவிட்டேன்.

"புள்ள, அது அவன் ஒனக்கே குடுத்தது. எடுத்துக்கிட்டு வா."

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். "எனக்கே குடுத்ததா? ரெண்டு வருசமா எண்ணெ போட்டு, பெல்ட் மாத்தி, அவரு மெஷினப் பாத்துக்கிட்டேன்னு இருந்தேன் மாமா. அப்ப எனக்குப் போட்ட பிச்சையா அது?"

"ஐயோ, அப்பிடி இல்ல புள்ள…"

"நான் கேட்டேனா? போங்க மாமா, வேல கெடக்கு."

பத்து நாளில் கையால் எத்தனை சட்டை தைப்பாள்? ஒரு பள்ளிக்கூடமே சட்டையில்லாமல் நிற்கப்போகிறது, அவள் அடுப்பும் எரியாது, எல்லாம் என் வாயால். அடுத்த நாள் காலையில் மறுபடியும் போய் நின்றேன். வாய் தானாகச் சொன்னது: "புள்ள, ராத்திரி அவன் கனவுல வந்தான்."

அவள் கை நின்றது. "யாரு? அவரா?"

"வெள்ள வேட்டி கட்டிக்கிட்டு, திரீவீல ஓட்டிக்கிட்டு வந்தான். 'பாக்கியத்த நம்பி மெஷினக் குடுத்துட்டு வந்தேன், அவ ஏன் பாதியில கொண்டுபோய்ப் போட்டா, துருப் பிடிக்கப் போவுது'ன்னு ஒரே கோவம்."

"கோவமா? அவரு கோவப்பட்டு நான் பாத்ததே இல்லயே மாமா."

"போன பெறகு கொஞ்சம் வந்திருக்கும் புள்ள."

யோசித்தாள். கண்ணைத் துடைத்தாள். அன்று பின்னேரமே மெஷின் மறுபடியும் அவள் தலையில் ஏறிப் போனது. பள்ளிக்கூடம் திறந்த அன்று ஒரு பிள்ளைக்கும் சட்டை குறையவில்லை.

ஆனால் நான் மாட்டிக்கொண்டேன். மறுநாள் நான் பல் தீட்டி முடிக்கவில்லை, ஆறுமுகம் அண்ணன் வந்து நிற்கிறார்.

"தம்பி, ஜாக்கெட்டப் பத்தி ஏதும் சொன்னானா? நெஞ்சு வேற அடைக்குது."

சொன்னாய் என்றேன். அவருக்குப் பின்னால் கட்டில்காரன், அவனுக்குப் பின்னால் தொட்டில்காரி. சோமாவதி அக்கா ரோட்டைத் தாண்டி ஓடி வந்தாள். "அனே அய்யே, மகே ரைஸ் குக்கர் எக்க கெனத் கிவ்வத?" அவளுடைய குக்கரைப் பற்றியும் சொன்னாயா என்கிறாள். அவளுக்காக நீ கனவில் சிங்களத்திலும் பேசினாய் மச்சான். சாமானுக்கு ஒரு கனவு வீதம் இரண்டு கிழமை கனவு கண்டேன். கதவில்லாத அலுமாரிக்கு மட்டும் ஆள் வரவில்லை. அதை நீ எனக்குத்தான் தரச் சொன்னாய் என்று என் பெண்சாதியிடம் சொல்லி நானே எடுத்துக்கொண்டேன்.

இப்போது உன் காம்பராவில் உங்கள் சாமான் மட்டும்தான். நடக்க இடம் இருக்கிறது. கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. நேற்று உன் பெண்சாதி என்னைக் கூப்பிட்டு வாசலில் நிற்கவைத்தாள். நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணே, ஊரு சாமான் ஒண்ணு விடாம வெசாரிச்சாரு. என்னயப் பத்தி ஒரு வார்த்த கேக்கலியா?"

ஊருக்கெல்லாம் கனவு கண்டவனுக்கு அவளிடம் ஒரு பொய் வரவில்லை. "மழையில கனவு தெளிவா இல்ல தங்கச்சி, நாளைக்கிச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், நீ போனதிலிருந்து ஒரு நாளும் என் கனவில் வரவில்லை. நானும் எத்தனை நேரத்தோடு படுத்துப் பார்த்துவிட்டேன்.

அதனால் நீ உயிரோடு இருக்கும்போது சொன்னதையே சொல்லலாம் என்று இருக்கிறேன். பால் வெட்டு முடிந்து வாளியைக் கழுவிக்கொண்டே ஒருநாள் சொன்னாய்: "எத வேணும்னாலும் குடுத்துருவேன் மச்சான். ஆனா அவ ஊத்துற தேத்தண்ணிய வேற ஒருத்தன் குடிச்சா எனக்கு வயிறெரியும்." அன்று சிரித்தேன். அதை இத்தனை நாளும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். கனவில் சொன்னாய் என்பதுதான் பொய், சொன்னது பொய்யில்லையே.

"அண்ணே! தேத்தண்ணி ஊத்திட்டேன், ஆறுது, வாங்க!"

அவள்தான் கூப்பிடுகிறாள். போகிறேன் மச்சான். வயிறெரியாதே, முதலில் சொல்லிவிட்டுத்தான் கோப்பையைத் தொடுவேன், அவள் அழுதால் தேத்தண்ணி ஆறட்டும்.