வரிசையில் முதல் செருப்பு

அன்பு மகளுக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். கவலைப்படாதே.

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு நீ கிளம்பிய மறுவாரமே, டாக்டரே இல்லாமல் கிடந்த நம் சுகாதார நிலையத்துக்கு ஒரு டாக்டர் வந்துவிட்டார். வெயிலுக்குப் பயந்து செருப்பை வரிசையில் விட்டுவிட்டு மரத்தடியில் காத்திருப்போமே, இன்று மாத்திரைக்காக அங்கே போனேன். முதலில் கிடந்தது அம்மாவின் நீலச் செருப்பு. அன்று காத்திருந்தே மயங்கியவளைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது விட்டுப்போனது.

"எடுக்க யாருக்கும் மனசு வரலண்ணே. அக்காதானே முதல்ல வந்தாங்க?" என்றாள் மரத்தடியில் காத்திருந்த தையல்காரி.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். டாக்டருக்கு உன் வயதுதான் இருக்கும்.

"உட்காருங்க. யாருக்கு உடம்பு சரியில்ல?"

நீ இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பாய். நான் மாத்திரையை வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றிம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன் அப்பா